புதுக் கேமராவில் விழுந்த கோடுகள்

கேமராவின் பின்கதவைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தபடி அவர் நின்ற அந்தக் காலை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. வெளியே ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்து தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. நான் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறி ஏடு படிந்துவிட்டது. ஒரு கண்ணை இடுக்கி, மறு கண்ணில் பூதக்கண்ணாடியை ஒட்ட வைத்துக்கொண்டு, கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "இங்க வந்து பாரு" என்றார். பார்த்தேன். ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் கறுப்புத் தகட்டின் மேல் முடியைவிட மெல்லிய இரண்டு மூன்று கோடுகள் இருந்தன. சாய்த்தால் மின்னின. நேரே பிடித்தால் காணாமல் போயின. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கேமரா அது.

அவர் என் வீட்டுக்காரர். கொடைக்கானலில் ஏரிக்கரைப் போட்டோக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். சீசனுக்கு மேலே வரும் குடும்பங்களையும் புதிதாகக் கல்யாணமான ஜோடிகளையும் படகுத்துறைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார். வீட்டிலேயே கழுவி, பிரிண்ட் போட்டு, மறுநாள் அவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். அதுவரை வைத்திருந்தது கை மாறி கை மாறி வந்த ஒரு பழைய கேமரா. பல சீசன்களாக மிச்சம் பிடித்து, அந்தப் பங்குனியில்தான் மதுரைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தார். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண், மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து அதை எடுத்தபோது புது மெருகும் தோலும் கலந்த ஒரு வாசனை அந்தச் சின்ன அறை முழுவதும் வந்தது. அன்று அவர் சாப்பிடும்போதுகூட இடது கையை அதன் மேல் வைத்திருந்தார்.

கோடுகளைக் கண்ட நாளிலிருந்து அந்தச் சந்தோஷம் போய்விட்டது. தகட்டோடு நிற்கவில்லை. தோள்வாரின் கொக்கி உரசிய இடத்தில் கறுப்பு பெயர்ந்து, ஊசிமுனை அளவு பித்தளை தெரிந்தது. அதையும் கண்டுபிடித்தார். ஃபிலிமைச் சுற்றும் பிடியின் ஓரம் மெருகு மங்கியிருக்கிறது என்றார். உறைக்குள் வெல்வெட் துணி வைத்துத் தைத்துத் தரச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். அந்த வெல்வெட்டின் நூல்பிசிறு உள்ளே போய்விடும் என்று மறுநாளே பிரித்து எடுக்கச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே, புதுப் பாத்திரத்தைப் புளி போட்டு ஒரு தடவை விளக்கினால்கூடக் கீறல் விழத்தான் செய்யும், அதற்காக யாராவது சமைக்காமல் இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பாத்திரத்துல கீறல் விழுந்தா சோத்துல விழாது. இதுல விழுந்தா படத்துல விழும்" என்றார்.

அப்போதுதான் அவருக்கு இது வெறும் பொருளைப் பற்றிய கவலை இல்லை என்று எனக்கு உறைத்தது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருந்த விஷயம் அது. என்னைக் கட்டுவதற்கு முன் அவர் பழனி அடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பக்தர்களைக் கோபுரம் வரைந்த திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் படம் எடுக்கிற வேலை. முகூர்த்த நாட்களில் வெளியூர்க் கல்யாணங்களுக்கும் அனுப்புவார்கள். அப்படி ஆடலூரில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவரின் மூத்த மகள் கல்யாணத்துக்குப் போனார். திரும்பி வந்து கழுவிப் பார்த்தால், ஒரு சுருள் முழுவதும் ஒரே நேராக ஒரு கோடு. ஃபிலிம் ஓடுகிற உருளையில் எங்கிருந்தோ ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டு கீறியிருக்கிறது. தாலி கட்டும் படத்தில் அந்தக் கறுப்புக் கோடு சரியாகப் பெண்ணின் மோவாய்க்குக் கீழே, தாலிக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. தூரிகை வைத்து மறைத்துப் பார்த்தார்கள். மறையவில்லை. பெண் வீட்டார் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் ஆல்பத்தை வாங்கிப் போனார்கள்.

அடுத்த வருஷம் தலைப்பிரசவத்தில் அந்தப் பெண் இறந்துபோனாள். காரியம் முடிந்த பிறகு பெரியவர் தனியாகப் பழனிக்கு வந்தார். ஸ்டூடியோ மேஜையில் ஆல்பத்தை வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, கோட்டின் மேல் ஒரு விரலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆல்பத்தை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். கத்தியிருந்தால், ரெண்டு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று இவர் என்னிடம் சொன்னார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு மலையேறி வந்துவிட்டார். ஆல்பம் எங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி இருந்தது. நான் அதைத் திறந்ததில்லை.

சீசன் தொடங்கிவிட்டது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மற்ற போட்டோக்காரர்கள் வெள்ளனே போய் ஏரிக்கரையில் இடம் பிடித்தார்கள். இவர் ஒரு சுருள் எடுப்பார், வீட்டுக்கு ஓடி வந்து கழுவுவார், ஈரம் காய்வதற்குள் ஜன்னலில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் ஒரு ஓரத்திலிருந்து பார்ப்பார். படங்கள் சுத்தமாக இருக்கும். "இதுல விழல" என்பார். அடுத்த சுருளில் விழாது என்று யார் சொன்னது என்கிற மாதிரி இருக்கும் அந்தக் குரல். ஒரு நாள் வீணாய்ப்போன ஃபிலிம் ஒன்றை எடுத்து நானே கேமராவில் மாட்டிப் பார்த்தேன். அந்தத் தகடு தொடுவது ஃபிலிமின் முதுகில் இருக்கும் காகிதத்தை மட்டும்தான். படம் விழுகிற பக்கத்தை அது தொடவே இல்லை. அதைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "சரிதான்" என்றார். மறுநாள் காலை மறுபடியும் ஜன்னலில் நின்றார்.

கேமரா விற்ற கடைக்காரர், யாரோ ஓட்டிப் பார்த்த பழசைப் புதிது என்று விற்றுவிட்டார் என்ற சந்தேகம் வந்து, சீசனுக்கு நடுவில் மதுரைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். கோபப்படாமல், இன்னொரு புதுக் கேமராவை இவர் கண் முன்னாலேயே பெட்டி பிரித்து, வேண்டாத ஃபிலிம் ஒன்றை மாட்டி, சில தடவை ஓட்டி எடுத்துத் திறந்து காட்டியிருக்கிறார். அதே இடத்தில் அதே மாதிரி மெல்லிய கோடுகள். இது ஓடுகிறதால் வருவது, ஓடாமல் வைத்திருந்தால் வராது என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர் இதையெல்லாம் என்னிடம் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கேமராவும் பழசாக இருக்குமோ என்றார். எனக்கு அன்று அழுகை வந்தது. படம் கழுவும் மருந்துக்கும் பிரிண்ட் காகிதத்துக்கும் வாங்கிய கடன் அப்படியே கிடக்க, பனிக்காலத்தை எதை வைத்து ஓட்டுவது என்ற பயம் எனக்கு. அவருடைய பயம் வேறு. ஒரே அறையில் இரண்டு பயமும் பேசாமல் உட்கார்ந்திருந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஆடலூர்ப் பெரியவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. கம்பளிச் சால்வை போர்த்திய, உயரமான, கூன் விழத் தொடங்கிய மனிதர். வாசலில் நின்று பெயரைச் சொன்னதும் உள்ளே என் வீட்டுக்காரர் கையிலிருந்த தட்டு விழுகிற சத்தம் கேட்டது. பெரியவர் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தம்பி, அந்த ஆல்பம் இருக்கா? இல்ல, தூக்கிப் போட்டீங்களா?"

இவர் டிரங்குப் பெட்டியை இழுத்து, வேட்டியைப் பிரித்து, ஆல்பத்தை அவர் மடியில் வைத்தார். பெரியவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தாலி கட்டும் படத்தில் நின்றார். நான் அடுப்படி வாசலிலிருந்து முதல் தடவையாக அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலை குனிந்திருக்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோடும் இருந்தது.

"அன்னிக்கு ஆத்திரத்துல கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டேன்" என்றார் பெரியவர். "வீட்டுல அவ படம் வேற ஒண்ணுமில்ல. மொகம் மறந்துபோயிரும்போல இருக்கு தம்பி. கண்ண மூடுனா சின்னவ மொகந்தான் வருது."

ஆல்பத்தை மூடினார். பிறகு அவர், சின்னவளுக்கு வைகாசியில் முகூர்த்தம் வைத்திருப்பதாகவும், இவர்தான் வந்து படம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். திண்டுக்கல்லில் பெரிய ஸ்டூடியோவில் ஆள் பார்க்கச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொன்னார்களாம். அவருக்கு மனசு ஒப்பவில்லையாம்.

"ஐயா, இந்தக் கேமராவுலயும்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லைங்க. வாரேன்."

பெரியவர் ஆல்பத்தைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை இவர் வாசலில் நின்றார். உள்ளே வந்ததும் கேமராவை எடுத்துத் திறந்தார்.

கல்யாணம்வரை நடந்ததை விவரிக்க எனக்கு இப்போதும் தெம்பில்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு. மெல்லிய தோலைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உருளைகளைத் துடைப்பார். துடைத்ததால் கோடு விழுந்திருக்குமோ என்று மறுபடி பார்ப்பார். ஒரு தடவை, போக வேண்டாம், உடம்பு சரியில்லை என்று தந்தி கொடுத்துவிடலாம் என்றார். தந்தி ஆபீஸ் வரை போய்த் திரும்பி வந்தார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. பெரியவர் தோட்டத்து ஜீப்பை அனுப்பியிருந்தார். பண்ணைக்காட்டைத் தாண்டிய வளைவுகளில் கேமராவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார். டிரைவர் அண்ணன் ஒரு பள்ளத்தில் இறக்கினால்கூட இவர் முகம் சுருங்கும்.

பந்தல் நிறையக் கூட்டம். மிளகுக் கொடியும் வாழையும் கட்டியிருந்தார்கள். மேளம் வேகமெடுத்தது. மாப்பிள்ளை குனிந்து தாலியைக் கட்டும்போது ஃபிளாஷ் பளிச்சென்று எரிந்தது. அடுத்தடுத்து மூன்று முடிச்சுக்கும் எடுத்தார். அவர் கை நடுங்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அந்தக் கைகள் வேறு யாருடைய கைகளோபோல இருக்கும். அட்சதை விழுந்து, காலில் விழுந்து எழுந்து, அக்கினியைச் சுற்றி வருவது வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. எனக்கு மூச்சே அப்போதுதான் திரும்பி வந்தது.

அப்புறம் அவர் பந்தலை விட்டு வெளியே வந்தார். காப்பிக் கொட்டை காயப்போடும் களத்தின் ஓரத்தில், மூட்டை அடுக்கும் கிட்டங்கிச் சுவரின் நிழலில் நின்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சுத்துறப்போ இறுகுது. கீறுது. எனக்குக் கேக்குது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் கதவின் கொக்கியைத் தட்டிவிட்டது. பின்கதவு திறந்துகொண்டது. உள்ளே ஃபிலிம் பாதி ஓடி நின்றிருந்தது. களத்து வெயில் சுவரில் பட்டுத் தெறித்து நேராக அதன் மேல் விழுந்தது.

கண் மூடித் திறக்கிற நேரம்தான். அறைந்து மூடினார். ஆனால் வெளிச்சம் பட்ட ஃபிலிம் போச்சு என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. தாலி கட்டிய படம் அந்தச் சுருளில்தான் இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பந்தலுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப வேண்டாங்க. இன்னிக்கு மட்டும் வேண்டாம். வேற சுருள் போடுங்க. பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

எப்படிப் போட்டார், எப்படி மறுபடி உள்ளே போனார் என்று எனக்குத் தெரியாது. போனார். பெண்ணும் மாப்பிள்ளையும், பெண்ணும் அப்பாவும், பந்தியும், வண்டியேறுகிறதும் எல்லாம் எடுத்தார். அந்தச் சுருளை மட்டும் நான் கறுப்புத் துணியில் சுற்றி, முந்தானையில் முடிந்து, மலை ஏறி வீடு சேரும்வரை மடியில் வைத்திருந்தேன்.

மறுநாள் அதைத்தான் முதலில் கழுவினோம். கொடைக்கானல் குளிரில் மருந்து சரியாக வேலை செய்யாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மருந்துத் தட்டை வைத்துச் சூடு காட்ட வேண்டும். ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தோம். கும்மிருட்டில் அவர் ஃபிலிமை மருந்துக்குள் ஏற்றி இறக்கும் சளசளப்பு மட்டும் கேட்டது. நான் மனதுக்குள் நேரத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ணிக்கை தவறிவிடுமோ என்று பயமாக இருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் பார்க்கவில்லை. "நீ பாரு" என்று என்னிடம் கொடுத்தார்.

திறந்தபோது நடுவில் நின்றிருந்த படம் முழுக்கக் கருகிப்போயிருந்தது. அதற்கு முந்தியதும் பாதி போய்விட்டது. ஆனால் தாலி கட்டும் படங்கள் அதற்கு முன்பே சுற்றி உள்ளே போயிருந்தன. மேலே சுற்றிய காகிதம் அவற்றைக் காப்பாற்றியிருந்தது. ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கசிந்திருந்தது. பிரிண்ட் போட்டபோது அது மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக, புகை படர்ந்ததுபோல விழுந்தது. பெண்ணின் முகத்தை அது தொடவில்லை. கோடு ஒன்றுகூட இல்லை. இவர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தகட்டால் வரவில்லை, என் கையால் வந்தது என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் படங்களை வாங்கிப் போக நேரில் வந்தார். இவர் மறைக்கவில்லை. பயத்தில் திறந்துவிட்டேன், ஐயா மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, கருகிய படத்தையும் எடுத்துக் காட்டினார். பெரியவர் தாலி கட்டும் படத்தைக் கையில் வாங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எம்புள்ள மொகம் நல்லா இருக்கு. ஓரத்துல வெளுத்தா வெளுத்துட்டுப் போகுது" என்றார். எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"வேற ஒண்ணும் இல்லையே தம்பி? எனக்குக் கண்ணு மங்கிருச்சு. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

இவர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து, அந்தப் படத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கோடு கிடந்தால் கிடக்கட்டும் என்கிற மனதோடுதான் பெரியவர் இவரைக் கூப்பிட்டிருப்பார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரும் இவரைப் போலத்தான் பயந்துகொண்டிருந்தார். அதைச் சொல்ல இவரைத் தவிர அவருக்கும் வேறு ஆள் இல்லை.

"இல்லைங்க ஐயா. ஒண்ணுமில்ல" என்றார் இவர்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கேமராவின் தகட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். பார்ப்பார். ஆனால் பார்த்துவிட்டு மூடித் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். வண்ணப்படம் வந்து எல்லோரும் வேறு கேமரா வாங்கும்வரை அதையே வைத்துப் பிழைத்தோம். அவர் போய் வருஷங்களாகிவிட்டன. கேமரா என் பீரோவில் இருக்கிறது. ஓரங்களில் கறுப்பு முழுவதும் போய்ப் பித்தளை தெரிகிறது. உள்தகட்டில் கோடுகளுக்கு நடுவே கறுப்பைத் தேட வேண்டியிருக்கிறது. அத்தனை வருஷத்தில் ஒரு படத்திலும் அதனால் ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது என் பேரப்பிள்ளைகள் ஒரே நிமிஷத்தில் ஐம்பது படம் எடுத்து, நாற்பதை அழித்துவிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் சோறு இறங்காமல் போவதில்லை.

ஆனாலும் கேமராவைக் கையில் எடுத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த சீசன். சின்னவள் முழுகாமல் இருக்கிறாள் என்று பனிக்காலத்திலேயே சேதி வந்திருந்தது. அன்றிலிருந்து ஆடலூர்ப் பக்கத்து ஆள் யார் மேலே வந்தாலும் இவர் ஏதாவது சாக்குச் சொல்லி விசாரிப்பார். என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மாதம் நெருங்க நெருங்க வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

அன்று நான் சாப்பாடு கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். படகுத்துறையில் ஒரு இளம் ஜோடியை நிறுத்தி வைத்து, இவர் கேமராவுக்குள் குனிந்துகொண்டிருந்தார். சாலையில் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஆடலூர் டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார். அவர் நடையைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் நிமிர்ந்தார். கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

"பொம்பளப் புள்ளைங்க. நேத்து மதியம்" என்றார் டிரைவர். "ஐயா உங்ககிட்ட மொதல்ல சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

"தாயி?"

"நல்லாருக்காங்க. ரெண்டு உசுரும் நல்லாருக்கு."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தாங்க வாரேன். காப்பி கேட்டுக் குடிச்சாங்க."

அவர் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். உறை இல்லை, மூடி போடவில்லை, வார் தரையில் புரண்டது. எதையும் கவனிக்கவில்லை. ஏரியின் படியில் இறங்கி, குளிர்ந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. டிரைவர் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மேலே வந்து, என் கையிலிருந்து கேமராவை வாங்கினார். முகத்தைத் துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, என்ன நடக்கிறது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற அந்த ஜோடியைப் பார்த்து, "சிரிங்க" என்றார்.